‘ஒண்ணும் ஆகாது, உள்ளே போங்க’

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. திருச்சியில் கே.கே. நகர் பக்கம், 112 வீடுகள். பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், இல்லாவிட்டால் கடல் தாண்டி. குடிநீர் லாரி எந்தக் கிழமை வரும், சாக்கடை அடைத்தால் யாரைக் கூப்பிடுவது, பராமரிப்புப் பணம் எந்த வங்கிக் கணக்கில் கட்டுவது, அதற்கான க்யூஆர் கோடு எல்லாம் அதில் இருக்கும். கடவுச்சொல் போட்டுப் போனால் ஒரு பட்டியல் வரும். வீட்டு எண், தொலைபேசி, ரத்தப் பிரிவு, அவசரத்துக்கு யாரை அழைப்பது, கடைசிக் கட்டத்தில் ‘தனியாக வசிப்பவரா? ஆம் / இல்லை’. கொரோனா சமயத்தில் மருந்து வாங்கிக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று நல்ல மனசோடு சேகரித்தது. சேகரித்த குழுவில் நானும் இருந்தேன்.

ஜனவரி மாதம் ஒருநாள் காலையில் அந்தத் தளத்தைத் திறந்தால் பக்கம் வரவில்லை. சிவப்பு முக்கோணமும், ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல, உங்கள் கடவுச்சொல்லையோ கார்டு எண்ணையோ யாராவது திருட முயலலாம்’ என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கையும் வந்தது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் முந்தின நாளோடு காலாவதி ஆகியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பத்து மணிக்குள் சங்க வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு தகவல் போட்டார். அதை அப்படியே தருகிறேன்: ‘நமது வெப்சைட்டில் சிவப்பு கலரில் ஏதோ வருகிறது. பயப்பட வேண்டாம். அட்வான்ஸ்டு என்று சின்ன எழுத்தில் இருப்பதை அழுத்தவும். பிறகு ப்ரொசீட் என்று வருவதை அழுத்தவும். ஒண்ணும் ஆகாது, உள்ளே போங்க.’ கூடவே இரண்டு படங்கள், எங்கே அழுத்த வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்டு. கீழே இருபத்தேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

இந்தத் தகவலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். செயலாளர் என் நண்பர். தினமும் காலையில் சேர்ந்துதான் நடக்கிறோம். நான் இதை எழுதப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டேன். “எழுதுங்க சார், என் பேரை மட்டும் போடாதீங்க” என்றார். போடவில்லை.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர்காரன் இல்லை. 1976-ல் ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராகச் சேர்ந்து, முப்பத்தேழு வருஷம் தபால் பைகளோடு காலம் தள்ளியவன். ஓடுகிற ரயிலில் நின்றபடி கடிதம் பிரிப்பது, விடியற்காலையில் ஏதோ ஒரு ஜங்ஷனில் பை மாற்றுவது, இதுதான் வேலை. பையின் கழுத்தைச் சணலால் இறுக்கி, லேபிள் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை வைப்போம். வாங்குகிற பக்கம் கையெழுத்துப் போடும் முன் முத்திரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஓர் இரவு, முத்திரை பாதி உடைந்த பை ஒன்று வந்தது. வண்டி நின்றது மூன்று நிமிஷம். நான் “ஒண்ணும் ஆகியிருக்காது சார், தூக்கத்துல எங்கேயோ இடிச்சிருக்கும்” என்று பையை உள்ளே தள்ளப் போனேன். ஹெட் சார்ட்டர் கையைப் பிடித்துக்கொண்டார். பையை எடை போட்டு, இன்னொருத்தரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பிரித்து, உள்ளே இருந்ததைப் பட்டியலோடு சரிபார்த்து எழுதினோம். எல்லாம் சரியாகவே இருந்தது. “பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே” என்றேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஒண்ணும் ஆகலேன்னா சந்தோஷம். அதை எழுதி வச்சுட்டு சந்தோஷப்படு.”

சரி, இப்போது செயலாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விவரம் தெரியாதவர் அல்ல. “சார், மாத்திரை அட்டையில ஜனவரின்னு போட்டிருந்தா பிப்ரவரி ஒண்ணாம் தேதி விஷமாயிடுமா?” என்று கேட்டார். உண்மை. காலாவதியான சான்றிதழை வைத்துக்கொண்டும் அந்தச் சர்வர் நம்மோடு பேசுகிற பேச்சைப் பூட்டித்தான் அனுப்புகிறது. நேற்று இருந்த பூட்டு இன்றைக்கும் அதே பூட்டுதான். அந்த ஒரு நாளில், அந்த ஒரு தளத்தில், அவர் சொன்னபடி உள்ளே போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்தச் சிவப்புப் பக்கம் பல காரணங்களுக்கு வரும். தேதி தாண்டியதற்கும் வரும். வேறொருவன் நடுவில் உட்கார்ந்துகொண்டு ‘நான்தான் உன் வங்கி’ என்று பொய்ச் சான்றிதழ் நீட்டினாலும் ஏறக்குறைய அதே முக்கோணம், அதே சிவப்பு, அதே சின்ன எழுத்து. காரணத்தை ஆங்கிலத்தில் ஒரு குறியீடாக மூலையில் போட்டிருப்பான். எழுபது வயதில், கண்புரை அறுவை செய்துகொண்ட கண்ணோடு, கைப்பேசியில் அதைப் படித்து வித்தியாசம் கண்டுபிடிப்பவர் எங்கள் 112 வீட்டில் எத்தனை பேர்? நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ‘காலாவதிச் சான்றிதழைச் சமாளிக்கும் முறை’ அல்ல. சிவப்பாக எது வந்தாலும் சின்ன எழுத்தைத் தேடிப் பிடித்து அழுத்து என்றுதான் சொல்லிக் கொடுத்தோம். அதுவும் படம் போட்டு, வட்டம் வரைந்து.

ஈ பிளாக்கில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அரசுப் பள்ளியில் முப்பத்துநாலு வருஷம். தனியாக இருக்கிறார். குறிப்பு கொடுத்தால் வரிக்கு வரி அதன்படி செய்கிறவர். பிள்ளைகளையும் அப்படித்தான் பழக்கியவர். செயலாளர் அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்து, ஒரு நோட்டில் ‘சிவப்பு வந்தால் – 1, 2’ என்று எழுதி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, மின் கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் இருந்த இணைப்பைத் தொட்டார். பிரவுசர் தன் கடமையைச் செய்தது. ‘இது ஏமாற்றுத் தளம்’ என்று சிவப்பாக மறித்தது. டீச்சரம்மா நோட்டை எடுத்தார். 1, 2. கார்டு எண்ணைப் போட்டார், வந்த ஓடிபியையும் போட்டார். 38,000 ரூபாய்.

மறுநாள் மதியம் மகன் போனில் கேட்டு, பதறி, 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தார்கள். சைபர் குற்றத்துக்கான அந்த உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. ஒரு நாள் போய்விட்டது. பணம் போனது போனதுதான்.

நோட்டை அவர்தான் எனக்குக் காட்டினார். “நம்ம சங்கத்துல சொன்னபடிதானே செஞ்சேன்?” என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில். எனக்குப் பதில் வரவில்லை.

செயற்குழுவில் இதை எடுத்தபோது ஒருவர், “அது வேற சைட்டு, நம்ம சைட்டு வேற. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடறீங்க?” என்றார். நான் முடிச்சுப் போடவில்லை ஐயா, டீச்சரம்மாவின் நோட்டில் முடிச்சு போட்டே இருந்தது.

அடுத்து வந்தது, எப்போதும் வருகிற கேள்வி: “நம்ம சைட்ல அப்படி என்ன ரகசியம் இருக்கு? தண்ணி லாரி வர்ற கிழமையா? அந்தச் சான்றிதழே வேண்டாம்னு எடுத்துட்டா என்ன?”

தபால்காரனாகவே பதில் சொல்கிறேன். சான்றிதழ் இல்லாத தளம் கார்டு எழுதுவதைப் போல. வழியில் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை பேரும் படிக்கலாம். நாங்களே படித்திருக்கிறோம், இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன! ராத்திரி வண்டியில் தூக்கம் கலைய யாருக்குப் பெண் பிறந்தது, யார் வீட்டில் நிலத் தகராறு என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் படிப்பது ஒரு பாதிதான். கார்டில் ஒரு வரி சேர்த்து எழுதவும் முடியும். வாங்குகிறவருக்குத் தெரியாது.

இணையத்தில் இது நடந்திருக்கிறது. 2015-ல் பெங்களூரில் ஒரு நிரலாளர் தன்னுடைய தளத்தைத் தன் கைப்பேசி இணைப்பில் திறந்தபோது, தான் எழுதாத நிரல் வரிகள் நடுவில் செருகப்பட்டிருப்பதைக் கண்டு ஊருக்குச் சொன்னார். செருகியது திருடன் அல்ல, இணைப்பு கொடுக்கும் தொலைபேசி நிறுவனத்தின் வழியில்தான் அது நடந்தது. சொன்னதற்கு அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதற்கும் முன்னால், 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன நிரல் வெளியானது. காபிக் கடையின் பொது வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து மேசைக்காரர் திறந்து வைத்திருக்கும் ஃபேஸ்புக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழையலாம். பெரிய பெரிய தளங்களே உள்ளே நுழையும் வாசலை மட்டும் பூட்டிவிட்டு மற்ற பக்கங்களைக் கார்டு மாதிரி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதைக் காட்டி மானத்தை வாங்குவதற்காகவே அவர் அந்த நிரலை எழுதினார்.

இப்போது நம் தளத்துக்கு வாருங்கள். தண்ணீர் லாரி கிழமையை மாற்றி யாருக்கும் லாபமில்லை. வங்கிக் கணக்கு எண்? க்யூஆர் கோடு? ரயில் நிலையத்தின் இலவச வைஃபையில் உட்கார்ந்து ஒருவர் பராமரிப்புப் பணம் கட்டும்போது நடுவில் இருப்பவன் அந்த ஒரு படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். எங்களுக்கு அப்படி நடந்ததா? நடக்கவில்லை. உடைந்த முத்திரைப் பையிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடவுச்சொல்லும் அந்தக் கார்டிலேதான் போகும். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சங்கத்துக்கும், மின்னஞ்சலுக்கும், மியூச்சுவல் ஃபண்டுக்கும் ஒரே கடவுச்சொல்; பேரன் பெயரும் பிறந்த வருஷமும். ‘தனியாக வசிப்பவரா? ஆம்’ என்கிற பட்டியலைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அதனால் சான்றிதழ் வேண்டும். இதுவரை சங்கத்தோடு சண்டை. இனி தளத்தை வைத்துக் கொடுத்த கம்பெனியோடு சண்டை. பெயர் வேண்டாம், ஊருக்கு நாலு பேர் இப்படி இருக்கிறார்கள்.

புதுப்பிக்க என்ன ஆகும் என்று கேட்டோம். வருஷத்துக்கு 5,000, ஜிஎஸ்டி சேர்த்து 5,900 என்றார்கள். இலவசமாகக் கிடைக்கிறதாமே என்று கேட்டேன். அந்தத் தம்பி சிரித்தான். “சார், ஃப்ரீ எஸ்எஸ்எல் எல்லாம் ஹேக்கருங்க போடறது. காசு கொடுத்து வாங்கினாத்தான் சேஃப்டி.”

இது பொய். தம்பி தெரியாமல் சொன்னானா, தெரிந்தே சொன்னானா என்பது எனக்கு முக்கியமில்லை. எங்கள் மாதிரி எத்தனை சங்கம், எத்தனை நூலகம், எத்தனை கோயில் கமிட்டி இந்தப் பொய்க்கு வருஷா வருஷம் பணம் கட்டுகிறது என்பதுதான் எரிச்சல். லெட்ஸ் என்க்ரிப்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அமெரிக்காவில் லாப நோக்கில்லாமல் நடப்பது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொஸில்லா, மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எல்லாம் சேர்ந்து தொடங்கியது. 2015 டிசம்பர் 3 முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் சான்றிதழ் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அதில் வரும் பூட்டுக்கும் 5,900 ரூபாய்ப் பூட்டுக்கும் வலிமையில் வித்தியாசம் கிடையாது. ரகசியமாக்கும் கணக்கு சர்வருக்கும் பிரவுசருக்கும் நடுவில் நடப்பது. சான்றிதழ் கொடுத்தவன் அதில் கைவைப்பதில்லை. காசு வாங்கும் சான்றிதழில் சில வகைகளில் நிறுவனத்தின் பெயர், பதிவு எல்லாம் விசாரித்துக் கொடுப்பார்கள். முன்பு அவற்றில் உயர்ந்த வகைக்கு முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயரைப் பச்சையாகக் காட்டினார்கள். 2019-லேயே குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை எடுத்துவிட்டன. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் காரணம்.

‘ஹேக்கர்கள் போடுவது’ என்பதில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். ஏமாற்றுக்காரனும் தன் தளத்துக்கு இலவசச் சான்றிதழ் வாங்கலாம், வாங்குகிறான். பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று போன பத்து வருஷமாக எல்லாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் பாருங்கள், அதுவும் ஓர் அநியாயம்தான். முத்திரை சரியாக இருந்தால் பை வழியில் பிரிக்கப்படவில்லை என்று அர்த்தம். அனுப்பியவன் உள்ளே கல்லை வைத்துத் தைத்திருந்தால் முத்திரை என்ன செய்யும்? குரோம்காரர்கள் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே தூக்கிவிட்டு வேறு குறி போட்டதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இன்னொன்று கேளுங்கள். போன வருஷம் அந்தக் கம்பெனி சான்றிதழ் வாங்கியபோது, அதன் கோப்புகளை ஒரு பொட்டலமாகச் சுருட்டி மின்னஞ்சலில் செயலாளருக்கு அனுப்பியிருந்தது. அவர் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று செயற்குழு வாட்ஸ்அப்பில் போட்டார். பதினொரு பேர் கைப்பேசியில் அது கிடந்தது. அந்தப் பொட்டலத்தில் தனிச்சாவியும் இருந்தது! இன்ஷூர் செய்யும் கவருக்கு அரக்கு முத்திரை வைக்கும்போது காசை வைத்து அழுத்தக் கூடாது என்று எங்கள் விதி. அந்தக் காசு எல்லார் பையிலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் உடைத்துவிட்டு அதே முத்திரையைத் திரும்பப் போடலாம் என்பதால். அனுப்புகிறவருக்கு மட்டுமே சொந்தமான முத்திரைக்கட்டை வேண்டும். தனிச்சாவி அந்த முத்திரைக்கட்டை. சர்வரிலேயே பிறந்து, சர்வரிலேயே இருந்து, அங்கேயே அழிய வேண்டியது. 5,900 ரூபாய் வாங்கிக்கொண்டு, சங்கத்தின் முத்திரைக்கட்டையைப் பதினொரு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தார்கள். இதுதான் காசு கொடுத்து வாங்கின ‘சேஃப்டி’.

“சரி, நீங்க எதுவும் வாங்க வேண்டாம், நாங்களே இலவசச் சான்றிதழ் போட்டுக்கறோம்” என்றேன். முடியாது என்றார்கள். பொதுவாக இந்தச் சின்னத் தளங்களை வைக்கும் கன்ட்ரோல் பேனலிலேயே சான்றிதழைத் தானாக எடுத்துத் தானாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கும். அந்தக் கம்பெனி அதை அணைத்து வைத்திருந்தது. வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம் என்றோம். அப்போதுதான் பூனை வெளியே வந்தது. எங்கள் தளத்தின் பெயரே, அந்த டொமைனே, சங்கத்தின் பேரில் இல்லை. பதிவு செய்த பேர் கம்பெனிக்காரர் பேர், மின்னஞ்சல் அவருடையது. பத்து வருஷமாக நாம் குடியிருந்த வீட்டுக்குப் பட்டா அவரிடம்.

உங்கள் சங்கத்துக்கோ, சபாவுக்கோ, பழைய மாணவர் மன்றத்துக்கோ தளம் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து போய் ஒருவரிடம் கேளுங்கள்: டொமைன் யார் பேரில் இருக்கிறது? புதுப்பிக்கும் தேதி எது? அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம்? ‘அதெல்லாம் அந்தத் தம்பி பாத்துக்கறான்’ என்று பதில் வந்தால் நீங்களும் எங்கள் வகைதான்.

இரண்டு மாதம் அலைந்தோம். நான்கு முறை நேரில் போனேன். ஒருமுறை ‘ஓனர் வெளியூர்’, ஒருமுறை ‘சிஸ்டம் டவுன்’. கடைசியில் செயலாளரே வந்தார். அவர் வங்கிக் குரலை எடுத்ததும் வேலை நடந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். ‘பத்து வருஷத்து ரசீது எல்லாம் சங்கத்தின் பேரில் இருக்கிறது, சொத்து மட்டும் உங்கள் பேரிலா?’ என்று எழுத்தில் கேட்டார். ஒரு வாரத்தில் மாற்றத்துக்கான குறியீட்டு எண் வந்தது.

மீதியை ஒரு சனிக்கிழமை மாலையில் முடித்தோம். எதிர் வீட்டில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைத் தாத்தா என்பாள். அவளிடம் கேட்டேன், “நாம யாருன்னே தெரியாம அமெரிக்காக்காரன் எப்படிம்மா சான்றிதழ் கொடுக்கறான்?”

“தாத்தா, அவங்க ஒரு கோலத்தைச் சொல்லி, இதை உங்க வீட்டு வாசல்ல போடுங்கம்பாங்க. நாம போடணும். அவங்க வந்து பாப்பாங்க. அதே கோலம் இருந்தா அந்த வாசல் நம்ம கையிலதான் இருக்குன்னு அர்த்தம். நாம நல்லவங்களா கெட்டவங்களான்னு கேக்க மாட்டாங்க. வாசல் நம்மளுதான்னு மட்டும் பாப்பாங்க.”

நாற்பது வருஷம் புத்தகம் படித்தவனுக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. நிஜத்தில் அது சர்வரில் குறிப்பிட்ட இடத்தில் வைக்க வேண்டிய ஒரு சின்னக் கோப்பு. கோலம் போடுவதும், அழிப்பதும், சான்றிதழைக் கொண்டுவந்து மாட்டுவதும் எல்லாம் ஒரு நிரலே செய்துவிடுகிறது.

முதல் தடவை தப்பிப் போயிற்று. முன்னால் மூன்று டபிள்யூ போட்ட பெயர் இன்னும் பழைய கம்பெனியின் சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. வந்தவன் அங்கே போய்க் கோலத்தைத் தேடிவிட்டு, இல்லை என்று திரும்பிவிட்டான். அதைத் திருத்திவிட்டு அரைமணி காத்திருந்து மறுபடி கேட்டோம், கிடைத்தது. ஆனாலும் பிரவுசர் முணுமுணுத்தது. என்ன என்று பார்த்தால், 2014 பொங்கல் விழாப் படங்களின் முகவரியெல்லாம் பழைய பூட்டில்லாத பாணியில் எழுதியிருந்தது. பூட்டிய பக்கத்துக்குள் பூட்டாத படங்கள். கோலப் போட்டியில் என் மனைவி இரண்டாம் பரிசு வாங்கிய படமும் அதில். அவள் போய் ஆறு வருஷம். அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முகவரியை மாற்றினாள். பிறகு பழைய முகவரியில் யார் வந்தாலும் பூட்டிய முகவரிக்குத் திருப்பிவிட ஒரு வரி சேர்த்தாள். வேலை முடிந்தது. செலவு, சான்றிதழுக்குச் சைபர்; புது ஹோஸ்டிங்குக்கு பழைய வாடகையில் பாதி. அவளுக்கு இரண்டு பிளேட் பானிபூரி.

இந்த இலவசச் சான்றிதழ் தொண்ணூறு நாள்தான் செல்லும். செயற்குழுவில் இதையும் பிடித்துக்கொண்டார்கள்: “காசு கொடுத்தா வருஷம் பூரா இருக்கும்ல?” இருக்காது. பிரவுசர்காரர்களும் சான்றிதழ்க்காரர்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டார்கள். 2026 மார்ச் 15 முதல் எந்தச் சான்றிதழும் 200 நாளுக்கு மேல் கிடையாது. 2027-ல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காசு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. வருஷத்துக்கு ஒருமுறை ஒருவரை வரவழைத்துக் கையால் மாட்டிக்கொள்ளும் பழக்கம் முடிந்துவிட்டது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லாத தளத்தில் அந்தச் சிவப்புப் பக்கம் வருஷத்துக்கு எட்டு முறை எட்டிப் பார்க்கும். எட்டு முறையும் ஒரு செயலாளர் வட்டம் போட்ட படம் அனுப்புவார்.

தானாக நடக்கிறது என்று தூங்கிவிடவும் கூடாது. காலாவதி ஆகப்போகிறது என்று முன்பு லெட்ஸ் என்க்ரிப்ட் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். நான் மாதம் முதல் தேதி பால் கணக்கு முடித்த கையோடு தளத்தைத் திறந்து, சான்றிதழ் எந்தத் தேதி வரை என்று பார்த்து, சங்க அறையில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பழக்கதோஷம்.

பிரவுசர்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 2018 ஜூலையிலிருந்து பூட்டில்லாத தளங்களுக்கெல்லாம் ‘நாட் செக்யூர்’ என்று குரோம் பட்டம் கட்டியது. கட்டட்டும், அதனால்தான் உலகம் திருந்தியது. ஆனால் தேதி ஒருநாள் தாண்டியதற்கும், திருடன் நடுவில் இருப்பதற்கும் ஒரே கூச்சலா? வீடு தீப்பிடித்தாலும் மணி, பால்காரர் வந்தாலும் அதே மணி என்றால், வீட்டுக்காரர் மணியைக் கழற்றி வைக்கத்தான் பார்ப்பார். எங்கள் செயலாளர் செய்தது அதைத்தான்.

கடைசிக் கூட்டத்தில் நான் இரண்டு தீர்மானம் கொண்டுவந்தேன். ஒன்று, அந்தப் பட்டியலைத் தளத்திலிருந்தே எடுத்துவிடுவது. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது வழியில் போகும்போதுதான் காக்கும். சர்வரில் உட்கார்ந்திருக்கும் பட்டியலை அந்தப் பூட்டு காப்பதில்லை. ‘தனியாக வசிப்பவர்’ விவரம் சங்க அறை இரும்பு பீரோவில் ஒரு நோட்டில் இருந்தால் போதும், ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர் அறைக்கு எதிரிலேதான் இருக்கிறார். இதை 9-க்கு 2 என்று ஏற்றார்கள். இரண்டாவது, சங்கத்தின் பேரில் இனி எந்த எச்சரிக்கையையும் தாண்டிப் போகச் சொல்லி யாரும் யாருக்கும் தகவல் அனுப்பக் கூடாது. தளம் கெட்டால் ‘தளம் கெட்டிருக்கிறது, சரியாகும்வரை திறக்காதீர்கள்’ என்று மட்டும் போட வேண்டும். இதற்கு ஏனோ விவாதம் நீண்டது. ‘அவசரம்னா என்ன பண்றது?’ என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் லாரி கிழமை தெரியாமல் போவதில் என்ன அவசரம் என்று செயலாளரே பதில் சொன்னார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது.

டீச்சரம்மாவின் நோட்டில் ‘சிவப்பு வந்தால் – 1, 2’ என்ற வரியை அவரே குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் என் தொலைபேசி எண்ணை எழுதியிருக்கிறார். இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது கூப்பிடுகிறார். போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரைக்கு வந்த அழைப்பில், “சார், போன்ல ஏதோ வருது, சிவப்பு இல்லை, பச்சைதான், அழுத்தலாமா?” என்றார். “தொடாதீங்க, வர்றேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பேட்டரி நிரம்பிவிட்டதாம்.